கால், அரை, முக்கால், முற்று

ஆங்கிலத்தில் எழுதும்போது நிறுத்தக்குறிகளைச் சரியாக இடுவது எப்படி என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தைப் பற்றிய பேச்சைத் தமிழில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி அறியாமையால் வருவதில்லை, தமிழை நன்றாக அறிந்திருப்பதால் வருகிறது என்பது என் கருத்து. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் மதுரைக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் மாணவர்களின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் காற்புள்ளிகளைக் கூர்ந்து பாருங்கள். அவை கண்டபடி சிதறிக் கிடப்பவை அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு. அதைப் புரிந்துகொள்ளாமல் "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நான்கு பெயர்கள் வைத்திருக்கிறோம். கால், அரை, முக்கால், முழுசு: படியால் நெல் அளப்பதுபோல நிறுத்தத்தின் நீளத்தை அளக்கிற பெயர்கள் இவை. தமிழ் இலக்கண வகுப்புகளில் இவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாத்திரைக் கணக்கே சொல்லிக் கொடுப்பதுண்டு. ஆங்கிலத்தில் இவற்றின் பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கமா என்றால் வெட்டிய துண்டு, கோலன் என்றால் உடலின் உறுப்பு, பீரியட் என்றால் ஒரு சுற்று வந்து முடிவது. மூன்றும் வாக்கியத்தின் பகுதிகளுக்கு இட்ட பெயர்கள். அந்தப் பகுதி முடியும் இடத்தில் வைத்த புள்ளிக்குப் பிறகு ஆகிவந்தன. நம் பெயர்கள் நேரத்தைச் சொல்கின்றன, அவர்கள் பெயர்கள் உறுப்பைச் சொல்கின்றன. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

நம் பெயர்கள் தவறானவை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவை ஒரு காலத்தின் கொள்கையை உண்மையாகப் பதிவு செய்திருக்கின்றன. அலெக்சாந்திரியா நூலகத்தில் அரிஸ்டோஃபனீஸ் என்ற அறிஞர் கிறிஸ்து பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் வரியின் அடியிலும் நடுவிலும் மேலுமாகப் புள்ளிகள் வைத்தது, உரக்கப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டத்தான். அச்சு வந்த பிறகு வெனிஸ் நகரத்து அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த இளைய ஆல்டஸ் மனூஷியஸ், 1566இல் வந்த தம் எழுத்திலக்கண நூலில், குறிகளின் வேலை வாக்கிய அமைப்பைத் தெளிவாக்குவது என்று எழுதினார். ஆனாலும் ஆங்கிலப் பள்ளிகளில் மூச்சுக்கணக்கு எளிதில் ஓயவில்லை. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட ஆங்கில இலக்கணம், காற்புள்ளியைக் காட்டிலும் அரைப்புள்ளிக்கு இரு மடங்கு நிறுத்தம், அதைக் காட்டிலும் முக்காற்புள்ளிக்கு இரு மடங்கு, அதைக் காட்டிலும் முற்றுப்புள்ளிக்கு இரு மடங்கு என்று வாய்ப்பாடு போட்டது. பல பதிப்புகள் கண்ட பாடநூல் அது. அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றோரின் கையால் இக்குறிகள் தமிழ் உரைநடையில் முறையாக ஊன்றின. விவிலிய மொழிபெயர்ப்பில் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுடன் உழைத்தவர் நாவலர். ஆங்கில அச்சு நூல்களின் பழக்கம் அவருக்கு நெருக்கமாகத் தெரிந்திருந்தது. நாம் குறிகளை வாங்கிக்கொண்ட காலத்தில் அவற்றோடு மூச்சுக்கணக்கும் சேர்ந்து வந்தது. ஆங்கிலம் பிறகு அந்தக் கணக்கைவிட்டு விலகிப்போயிற்று. நம் பெயர்களில் அது அப்படியே தங்கிவிட்டது.

குறிகள் வருவதற்கு முன் தமிழ் எப்படி எழுதப்பட்டது என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டாம். மதுரைக்கு அருகில் மாங்குளத்து மலையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டியது அங்கேதான். அந்த எழுத்தில் மெய்க்குப் புள்ளி இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. ஓலைச்சுவடிகளும் ஏறக்குறைய அப்படித்தான். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணி முனை ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சத்தால் ஏடெழுதியோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஒவ்வொரு வரியிலும் சொல் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தேடித்தேடிப் பிரிக்க வேண்டியிருந்தது. இருந்தும் அந்தத் தமிழ் இத்தனை நூற்றாண்டுகள் பொருள் குலையாமல் வாழ்ந்ததே, அது எப்படி?

ஆங்கிலம் குறியிடம் விட்டிருக்கும் வேலைகளைத் தமிழ் சொல்லுக்குள்ளேயே செய்து முடித்துவிடுகிறது. பிறர் பேச்சைத் தனித்துக் காட்ட ஆங்கிலத்துக்கு மேற்கோள்குறி வேண்டும். நமக்கு 'என்று' போதும். வரிசையாகப் பெயர்களை அடுக்க அங்கே காற்புள்ளி, இங்கே எண்ணும்மை. கேள்வி என்று காட்ட நமக்கு ஆகாரமும் ஓகாரமும் இருக்கின்றன. ஒருவரை அழைப்பதற்குத் தமிழ் இலக்கணம் எட்டாம் வேற்றுமை என்று ஒரு வேற்றுமையே வைத்திருக்கிறது. 'ஐயா' என்று நீட்டினால் அழைப்பு. ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பெயரை வாக்கியத்திலிருந்து பிரித்துக் காட்டக் காற்புள்ளியைத் தவிர வேறு வழி இல்லை. கடிதத்திலும் மனுவிலும் அந்தக் காற்புள்ளி விடுபட்டால், அழைக்கப்பட்ட அதிகாரி வாக்கியத்துக்குள் செயப்படுபொருளாக வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் மேலே தொங்கும் சிறு கொக்கியை, அதாவது அப்பாஸ்டிரஃபியை, எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் ஆறாம் வேற்றுமை உருபு, அவ்வளவுதான். 'உடைய' என்று பொருள் வரும் இடத்தில் அது வரும்; பன்மை காட்ட வராது. நம் கடைவீதிப் பலகைகளில் மீல்ஸ், போட்டோஸ் என்ற பன்மைச் சொற்களுக்கு நடுவே அந்தக் கொக்கி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறாம் வேற்றுமை தெரிந்த மாணவருக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு வாக்கியம் முடியும் இடத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் காதுக்கு அது தெரியும். அதனால் 'பேருந்து வந்தது, ஏறினோம், மேலூரில் இறங்கினோம்' என்று மூன்று முற்றுகளைக் காற்புள்ளியால் கோத்தாலும் தமிழில் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கிறது. அதன் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சொற்கள் தொடரலாம். எனவே ஒரு கூற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வெளியிலிருந்து ஒரு வேலி போட்டுத்தான் காட்ட முடியும். அந்த வேலி முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி. வெறும் காற்புள்ளி அந்தச் சுமையைத் தாங்காது. அடுத்தது எழுவாய். 'வைகை அணையிலிருந்து பாசனத்துக்காகத் திறந்துவிடப்பட்ட தண்ணீர், மேலூர்க் கடைமடைக்கு வந்து சேரவில்லை' என்று நீண்ட எழுவாய்க்குப் பின் தமிழில் காற்புள்ளி வைக்கிறோம். மூச்சு கேட்கிறது, வைக்கிறோம். அதே மூச்சை ஆங்கிலத்திலும் எடுத்தால் எழுவாயையும் அதன் வினையையும் வெட்டிப் பிரித்ததாகிவிடும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்கள்தாம். 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே அப்படி ஒரு காற்புள்ளி இருக்கிறது. மூச்சுக்கணக்கில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தின் காற்புள்ளிகளைப் பற்றி அந்நாட்டு நீதிமன்றங்கள் இந்த நூற்றாண்டிலும் வாதாடிக்கொண்டிருந்தன.

இவற்றையெல்லாம்விட நுட்பமான இடம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு யாரும் சரியாக விளக்காத இடம் அதுதான். 'மதுரையில் படித்த என் மகனுக்கு இந்த வீடு சேர வேண்டும்' என்று ஒருவர் உயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மகன் ஒருவனா, பலரா? தமிழ் வாக்கியம் சொல்லாது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நின்று, அதைச் சுட்டிப் பிரிக்கவும் செய்யும், வெறுமனே விவரிக்கவும் செய்யும். இதையே ஆங்கிலத்தில் எழுதினால், 'மதுரையில் படித்த' என்ற பகுதி மகனுக்குப் பின்னால் போகும். போன இடத்தில் ஒரு முடிவு கேட்கும். அந்தப் பகுதியின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், மகன் ஒருவனே, அவன் மதுரையில் படித்தவன் என்பது கூடுதல் தகவல். காற்புள்ளி இல்லாவிட்டால், மகன்கள் பலர், அவர்களில் மதுரையில் படித்தவனுக்கு மட்டும் வீடு. இங்கே மூச்சுக்கு வேலையே இல்லை. வாய்விட்டுப் படிக்கும்போது இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற செய்தியை அந்த இரண்டு சிறு கோடுகள் சுமக்கின்றன. தமிழில் இந்த வேறுபாட்டுக்குக் குறி இல்லாததால், ஆங்கிலத்திலும் அது தேவையில்லாத அலங்காரம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

இது பள்ளிக்கூட நுணுக்கம், வாழ்க்கைக்கு ஆகாது என்று யாரேனும் நினைத்தால் 1950ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெரிய வழக்கு நம் சென்னை மாநிலத்திலிருந்து போனது: ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். கம்யூனிஸ்டுத் தலைவரான கோபாலன் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஒருவரை மூன்று மாதத்துக்கு மேல், ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேளாமலே காவலில் வைக்க வேண்டுமானால், அது எந்தச் சூழ்நிலைகளில், மற்றும் எந்த வகை வழக்குகளில், என்பதை நாடாளுமன்றம் சட்டத்தால் வரையறுக்கலாம் என்று 22ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஆங்கில மூலத்தில் அந்த இரண்டு தொடர்களின் முடிவிலும் ஒவ்வொரு காற்புள்ளி இருக்கிறது. 'மற்றும்' என்றால் இரண்டையும் வரையறுக்க வேண்டுமா, ஒன்றை வரையறுத்தால் போதுமா? 1950 மே 19இல் வந்த தீர்ப்பில் தலைமை நீதிபதி கனியா, 'எந்த' என்ற சொல் இரு முறை வருவதையும் ஒவ்வொன்றின் பின்னும் காற்புள்ளி இருப்பதையும் காட்டி, இரண்டையும் தனித்தனியாகக் கொள்ள வேண்டும் என்று பொருள் செய்தார். பெரும்பான்மை ஒன்று போதும் என்று நின்றது. நீதிபதிகள் பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். 1973இல் சம்பு நாத் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, 'மற்றும்' என்றால் மற்றும்தான், இரண்டையும் வரையறுத்தாக வேண்டும் என்று பழைய பொருளை மாற்றியது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் குடிமக்களின் தனிமனிதச் சுதந்திரம் அந்தப் பழைய வாசிப்பின் கீழ் இருந்தது.

அந்தக் காற்புள்ளிகள் உண்மையில் என்ன செய்கின்றன? 'ஒருவரைக் காவலில் வைக்கலாம்' என்ற முடிவு இரண்டு தொடர்களுக்கும் பொது. முதல் தொடரை நடுவில் நிறுத்திவைத்து, இரண்டாவதைச் செருகி, பிறகு இரண்டையும் ஒரே முடிவில் கொண்டுபோய்க் கட்டுவதற்காக ஆங்கிலம் அந்த இடங்களில் காற்புள்ளி இடும். பிரிப்பதற்காக இட்டவை அல்ல, ஒரே முடிச்சில் கட்டுவதற்காக இட்டவை. 'காற்புள்ளி என்றால் நிறுத்தம், நிறுத்தம் என்றால் பிரிவு' என்ற எளிய எண்ணம் எவ்வளவு உயரத்தில் இருப்பவர்களையும் எட்டக்கூடியது என்பதற்காகவே, மரியாதையோடு, இதைச் சொல்கிறேன்.

இங்கே வழக்கறிஞர் நண்பர்கள் ஒரு மறுப்பு எழுப்புவார்கள். நீதிமன்றமே நிறுத்தக்குறியைப் பொருட்படுத்துவதில்லையே என்பார்கள். 1952இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில் நீதிபதி பி. கே. முகர்ஜியா, சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறிய கூறுதான் என்று சொன்னது உண்மை. ஆனால் அவரே தொடர்ந்து, கவனமாகக் குறியிடப்பட்ட சட்டத்தில் ஐயம் எழும்போது குறிக்கு மதிப்புத் தர வேண்டும், தெளிவான பொருளை அது மீற முடியாது, அவ்வளவுதான் என்று விளக்கினார். சொல் தலைவன், குறி அவன் ஆள்; இதில் யாருக்கும் மறுப்பில்லை. அதே நீதிமன்றம் 1979இல், மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்தபோது, 'இருப்பு வைத்தல்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லாததைச் சுட்டிக்காட்டியது. எனவே 'விற்பனைக்காக' என்பது இருப்பு வைத்தலுக்கும் பொருந்தும், மருந்தை வெறுமனே வைத்திருப்பது குற்றமாகாது என்றது. இல்லாத காற்புள்ளி ஒருவரைத் தண்டனையிலிருந்து காத்த வழக்கு இது. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கும் ஊர் மதுரை. இங்கே நாள்தோறும் தட்டச்சாகும் மனுக்களில் இப்படிப்பட்ட பட்டியல்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆங்கிலேயருக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே, நாம் ஏன் வருந்த வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. பட்டியலின் கடைசிப் பெயருக்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்பதில் ஆக்ஸ்போர்டு அச்சகம் ஒரு பக்கம், பெரும்பாலான பத்திரிகைகள் மறுபக்கம். வேறுபாடு உண்டு, ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் அடிப்படை ஒன்றே: பொருள் மயங்கினால் காற்புள்ளி இடு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் மிகுநேர ஊதியம் கேட்ட வழக்கில், சட்டத்தின் பட்டியலில் அந்தக் கடைசிக் காற்புள்ளி இல்லாததால் பொருள் மயங்குகிறது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலரில் சமரசம் ஏற்பட்டது. நம் இலக்கணிகளுக்கு இந்தக் கவலை புதிதல்ல. உம் கொடாமல் பெயர்களை அடுக்குவதைச் செவ்வெண் என்றார்கள். அப்படி அடுக்கினால் முடிவில் 'ஆகிய மூன்றும்' என்பதுபோல் தொகை வர வேண்டும் என்று நன்னூல் விதித்தது. பட்டியல் எங்கே முடிகிறது என்பதில் ஐயம் கூடாது என்பதே அந்த விதியின் உட்கருத்து. செவ்வெண்ணைப் படித்த மாணவருக்கு ஆக்ஸ்போர்டு காற்புள்ளி அந்நியமான பொருளாகத் தோன்றாது.

அந்நிய மொழியின் புள்ளிக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தமிழ்ப்பற்றோடு கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இன்றைய நிலையில் வேலை விண்ணப்பமும் ஆய்வுக் கட்டுரையும் உயர் நீதிமன்ற மனுவும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்குக் குறிகள் படித்துப் படித்துக் கண்ணில் பதிந்துவிடுகின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு யாராவது காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். 'மூச்சு விடும் இடத்தில் கமா போடு' என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளை தமிழ் மூச்சுத்தான் விடும். பிறகு அதற்கு மதிப்பெண் குறைப்பது எந்த நியாயம்?

கற்பிக்கும் வழி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடைக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 1,25,000 என்று எழுதும் கணக்கர் காற்புள்ளியை ஒரு நாளும் இடம் மாற்றி வைக்க மாட்டார். வெளிநாட்டுக் கணக்கில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பதும் அவருக்குத் தெரியும். நம் கணக்கில் முதலில் மூன்று, பிறகு இரண்டு இரண்டு. அங்கே அவர் மூச்சு விட்டுப் பார்ப்பதில்லை. அந்தப் புள்ளி லட்சத்தையும் ஆயிரத்தையும் பிரிக்கிறது, இடம் மாறினால் பணம் மாறும் என்று அறிந்திருக்கிறார். வாக்கியத்தின் காற்புள்ளியையும் இப்படி இடமதிப்பாகக் கற்பிக்க வேண்டும். எழுவாயைக் காட்டு, அதன் வினையைக் காட்டு. இரண்டுக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்கிறதா? இந்தப் பகுதியைத் தூக்கி எடுத்தால் எஞ்சியது அதே ஆளைக் குறிக்கிறதா? குறித்தால் இருபுறமும் குறி இடு, இல்லாவிட்டால் ஒன்றும் இடாதே. முக்காற்புள்ளி முக்கால் நிறுத்தம் அல்ல, 'அதாவது' என்று பொருள்படும் சொல் என்று நினை. நம் வகுப்பறையில் வேற்றுமையும் எச்சமும் முற்றும் ஏற்கெனவே கற்பிக்கப்படுகின்றன. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பருவத்துக்கு இதைச் சேர்ந்து நடத்தினாலே போதும்.

கணினியே திருத்திவிடுமே, இனி எதற்கு இந்தப் பாடம் என்பது கடைசியாக வரும் கேள்வி. கொக்கியையும் எழுவாய்ப் பிழையையும் கணினி இன்று நன்றாகவே திருத்துகிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த உயிலை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். காற்புள்ளி இட்டாலும் வாக்கியம் சரி, இடாவிட்டாலும் வாக்கியம் சரி. இரண்டிலும் அது பிழை காணாது. மகன் ஒருவனா இருவரா என்பது எழுதுகிற தகப்பனுக்குத்தான் தெரியும். அதை அந்த இரண்டு கோடுகளால் சொல்ல முடியும் என்பதும் அவருக்கோ, அவருக்காக எழுதிக் கொடுப்பவருக்கோ தெரிந்திருக்க வேண்டும்.